அடுத்த ஊரின் மணல்

கடலரிப்பு என்றதும் நம் கடற்கரைப் பங்குகளில் எழும் முதற்குரல், "எங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும்" என்பதே. பங்குப் பேரவை தீர்மானம் இயற்றும். லாரிகளில் பாறைகள் வந்திறங்கும். அதைப் பெற்றுத்தந்த குருவுக்குப் பொன்னாடையும் உண்டு. இந்த வழக்கத்தையே நான் எதிர்க்கிறேன்.

மணல் கிடப்பதன்று, நடப்பது. சாய்வாக வந்து மோதும் அலை அதைக் கரையோரமாகவே தள்ளிச் செல்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கேயும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கேயும் அது பயணம் செய்யும். ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடதிசைப் பயணமே. அதன் குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை கரையும். 1876-இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியபின் மெரினா அகன்றது, இராயபுரம் அரிபட்டது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன; நகரின் மணற்கரை மறைந்து பாறைகளே எஞ்சின. தெற்கில் சேரும் மணலை வடக்கே மாற்றும் ஏற்பாடு அத்திட்டத்திலேயே இருந்தது. அதுதான் ஒழுங்காக நடைபெறவில்லை.

"கணினியில் மாதிரி செய்து பார்த்தாயிற்று, பாதிப்பில்லை" என்பர் அதிகாரிகள். மாதிரிகளை நான் இகழவில்லை. கரையை ஒற்றைக் கோடாகக் கொண்டு 1956-இல் பெல்னார்-கொன்சிதேர் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்த சமன்பாடே, தடுப்பின் ஒருபுறம் வளர்வதும் மறுபுறம் தேய்வதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்று காட்டிவிட்டது. எத்தனை மீட்டர் என்பதில்தான் தடுமாற்றம். பெரிதும் வழங்கும் வாய்பாட்டில், நகரும் மணலின் அளவு அலையுயரத்தின் இரண்டரை அடுக்காக ஏறுகிறது. உயரத்தை நூற்றுக்குப் 10 குறைவாக அளந்தால் மணற்கணக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு புயலிரவு செய்வதோ எந்தச் சராசரிக்குள்ளும் அடங்காது. இவ்வளவு நடுங்கும் எண்ணை வைத்துக்கொண்டு "பாதிப்பில்லை" என்று முத்திரையிடுவது அறிவியலாகாது. அதிலும் திட்டம் முடிவானபின் ஏவப்படும் கணக்கு வேறென்ன சொல்லும்? சுற்றுச்சூழல் மதிப்பீடு தொழில்திட்டத்திற்குப் பின்னால் வரலாகாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியதை நாம் மறையுரையில் சொல்கிறோம்; மனுவில் மறந்துவிடுகிறோம்.

"இன்றிரவு வீடு விழுகிறதே, சாமி!" என்பார்க்கு என்ன விடை? அந்த வீட்டாருக்கு மாற்றிடமும் உதவியும் உடனே வேண்டும், அதற்காகப் போராடுவோம். ஆனால் நம் வளைவின் வடபுறத்து ஊரிலும் ஒரு கோயில் இருக்கிறது, ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அவர்கள் இழப்பதைப் பற்றிக் கேட்டால், காயின் கேட்ட கேள்வியையே நாமும் திருப்பிக் கேட்கிறோம். அடுத்த மனுவில் கையெழுத்திடுமுன், அந்த ஊர்ப் பேரவையை அழைத்து ஒரே மேசையில் அமர்த்துங்கள். அவர்களும் ஒப்பினால் நானும் கையெழுத்திடுகிறேன்.