தலைக்கு மேலே பறக்குது, பாலிசி எங்கே?

வடமதுரை ரோட்டில் ஸ்கூட்டரை மறித்தால் போலீஸ்காரர் இன்ஷூரன்ஸ் பேப்பர் கேட்கிறார். இல்லையென்றால் முதல் தடவைக்கே 2 ஆயிரம் ரூபாய் அபராதம். ஜெயிலுக்கும் சட்டத்தில் இடமுண்டு. சரி, கேட்கட்டும். ஆனால் தேர் வரும்போதும், மாப்பிள்ளை அழைப்பின்போதும் ஜனங்களின் தலைக்கு மேலே விர்ரென்று சுற்றும் ட்ரோனுக்குப் பேப்பர் கேட்பது யார்?

ட்ரோன் மட்டுமா? ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானம், மண்ணெண்ணெய் குடித்து ஓடும் மாடல் ஜெட் எல்லாம் இதே கணக்குதான். பெயர்தான் விளையாட்டுச் சாமான். மாடல் ஜெட்டின் டர்பைன் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். வயிற்றில் எரிபொருள் வேறு. சிக்னல் அறுந்து சோளத்தட்டைப் போர் மீது விழுந்தால் என்னாகும்?

“மாடல்தானே, அதற்கெல்லாம் சட்டம் கிடையாது” என்று சொல்லிக்கொண்டு பறக்கவிடுகிறவர்கள் உண்டு. தவறு. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ட்ரோன் விதிகளில், பொழுதுபோக்குக்காகவும் படிப்புக்காகவும் கண்பார்வைக்குள் ஓட்டப்படும் 25 கிலோ வரையான மாடல்களுக்குத் தரச் சான்றிதழ்தான் வேண்டாம் என்றார்கள். இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சலுகை 250 கிராம் வரையுள்ள பொடிசுகளுக்கு மட்டும். மற்றவற்றுக்கு, 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாம் நபர் இன்ஷூரன்சுக்கும் நஷ்டஈட்டுக்கும் என்ன விதியோ, அதுவே தக்க மாற்றங்களோடு பொருந்தும். அதாவது லாரிக்கு உள்ள பொறுப்பு ட்ரோனுக்கும் உண்டு! விதியை மீறினால் 1 லட்சம் வரை அபராதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு படம் எடுப்பவர், 250 கிராமைத் தாண்டிய ட்ரோன் வைத்திருந்தால் பைலட் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும்.

பழகிய கைக்கு ஆபத்து வராது என்று நினைக்க வேண்டாம். 2013-ல் நியூயார்க்கில் மாடல் ஹெலிகாப்டர் ஓட்டிய 19 வயது இளைஞர் அதே ஹெலிகாப்டர் தாக்கி இறந்தார். 2015 டிசம்பரில் இத்தாலியில் பனிச்சறுக்குப் பந்தயம். வீரர் மார்செல் ஹிர்ஷருக்குச் சற்றுப் பின்னால் கேமரா ட்ரோன் விழுந்து நொறுங்கியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. மயிரிழையில் தப்பினார்.

இங்கே அப்படி ஒன்று ஒரு கூலிக்காரர் தோளில் விழுந்தால்? ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாதே, அந்தக் கூலியை யார் தருவது? போட்டோக்காரர் கேமராவை விற்றாலும் கட்டுப்படியாகாது. பாலிசி இருந்தால் இரண்டு குடும்பமும் பிழைக்கும். அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய மாடல் விமான சங்கத்தில் சேர்ந்தால், சந்தாவோடு 25 லட்சம் டாலர் வரை மூன்றாம் நபர் பாதுகாப்பு கிடைக்கிறது. அங்கே பையன்கள்கூட இன்ஷூரன்சோடுதான் பறக்கவிடுகிறார்கள்.

நம் ஊர் வழியாகத் திருச்சி ரயில் பாதை போகிறது. அதன் மேலே 25 ஆயிரம் வோல்ட் கம்பி. பறக்கவிடுகிறவர்கள் அதைவிட்டு ஒதுங்க வேண்டும். கூட்டத்துக்கு நேர் மேலே ஓட்டவே கூடாது.

சௌந்தரராஜப் பெருமாள் கோவில் ஆடித் தேரோட்டத்துக்கு அனுமதி கேட்கும்போதே, ட்ரோனின் பதிவு எண்ணையும் பாலிசி நகலையும் ஸ்டேஷனில் வாங்கிவிட்டால் என்ன? செலவு ஒரு ஜெராக்ஸ்தான். மண்டபக்காரர்களும் அட்வான்ஸ் வாங்கும்போதே கேட்கலாம். போலீஸ் அதிகாரிகள் ஆடிக்கு முன்பே கவனிப்பார்களா?