வாசிக்கத் தெரியுமா எனக் கேட்காத ஆங்கிலத் தேர்வு

பிளஸ் டூ பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் தேறிய ஒரு மாணவருக்கு, இதற்கு முன் கண்ணில் படாத ஓர் ஆங்கிலப் பக்கத்தை வாசித்துப் பொருள் கொள்ளத் தெரியுமா? அவருடைய மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. விடை சொல்லும்படி தேர்வும் அமைக்கப்படவில்லை. ஏற்காடு மலையில் வெள்ளக்கடை போன்ற ஊராட்சிகளின் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு இறங்கும் பிள்ளைகளுக்கு இது ஏட்டளவுக் குறை அல்ல. சேர்ந்த முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டு ஊர் திரும்ப வைக்கக்கூடிய ஆபத்து.

தமிழ்நாடு 1968 முதல் இருமொழிக் கொள்கையைக் கடைப்பிடிக்கிறது. தாய்மொழிக்கு அடுத்தபடியாக மாநிலம் தன் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கும் மொழி ஆங்கிலம். அந்தக் கொள்கையில் இவ்விதழுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெளியுலகுக்கான கதவு ஒன்றுதான் என்று முடிவு செய்த மாநிலத்துக்கு, அந்தக் கதவு திறக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் உண்டு. முதல் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மொழியைக் கற்றவரைத் தொடக்கநிலை மாணவர் என்று சொல்ல முடியாது. அவரிடம் உயர்நிலைக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். கேட்பதில்லை.

தேர்வு என்ன கேட்கிறது என்று பார்ப்போம். ஆங்கிலத் தாள் 90 மதிப்பெண்களுக்கானது. மீதி 10 அகமதிப்பீடு. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. அவற்றுக்குப் பின் இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண், ஐந்து மதிப்பெண் என ஒவ்வொரு பிரிவிலும் ஏழு வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். ஒருபொருட்சொல், எதிர்ச்சொல் தொடங்கிப் பத்தி அளவிலான விடைகள் வரை, கனமான பகுதிகள் பாடநூலின் உரைநடையையும் செய்யுளையும் துணைப்பாடத்தையும் சார்ந்தவை. அவை மாணவர் ஆண்டு முழுவதும் பார்த்த பக்கங்கள். பாடநூலில் இல்லாத பத்தியைக் கொடுத்து விடை கேட்கும் வினாவும் உண்டு. அதன் பங்கு சிறிது. அதையும் ‘அல்லது’ என்பதற்குக் கீழே உள்ள மாற்று வினாவை எழுதித் தாண்டிவிடலாம். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 35 போதும். புதிய பத்தி எதையும் தொடாமலே அந்த 35-ஐ எட்டிவிட முடியும்.

எப்படி எட்டுகிறார்கள் என்பது பள்ளி வட்டாரத்தில் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. தேர்வு நெருங்கும்போது, மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று சில பக்கத் தாள் ஒன்று கைமாறும். அதை ‘மினிமம் மெட்டீரியல்’ என்பார்கள். அதில் ‘காமன் பாராகிராஃப்’ என்று ஒன்று இருக்கும். எந்தப் பாடத்தைப் பற்றிக் கேட்டாலும் எழுதத்தக்க ஒரே பத்தி அது. பாடத் தலைப்புக்கு ஓர் இடமும் ஆசிரியர் பெயருக்கு ஓர் இடமும் காலியாக விடப்பட்டிருக்கும். மற்றதெல்லாம் மாறாது: எழுத்தாளர் புகழ்பெற்றவர், நடை எளிமையானது, கருத்து உயர்ந்தது, நாம் பின்பற்ற வேண்டியது. காலியிடங்களுக்கான பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வினாத்தாளே கொடுத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம். செய்யுளுக்கு இதேபோல் ஒரு பத்தி, வரிகளுக்கு விளக்கம் எழுதும் ‘இ.ஆர்.சி.’ வினாவுக்கு இன்னொரு பத்தி. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்பதுதான் இதன் கணக்கு. இதை மனப்பாடம் செய்த மாணவர் பாடத்தை வாசிக்க வேண்டியதில்லை. பாடம் நகைச்சுவையா துயரமா என்றுகூட அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் தாளைத் தயாரிக்கும் ஆசிரியர்மீது பழி போடுவது எளிது. அது நியாயமல்ல. எந்தத் தேர்வுக்கும் குறுக்கு வழி தேடப்படும். ஆனால் வாசிக்காமலே வாசித்தவரின் மதிப்பெண்ணைப் பெற முடிகிறது என்றால் பிழை தேடியவரிடம் இல்லை, தேர்விடம் இருக்கிறது.

இலக்கணப் பகுதியின் நிலையும் இதுவே. ‘ஹி இஸ் டூ வீக் டு வாக்’ என்ற வாக்கியத்தை மாற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் தயங்குவதில்லை. ‘டூ’வை எடுத்து ‘ஸோ’ போடு, ‘டு’வை எடுத்து ‘தட்’ போடு, எழுவாயைத் திரும்ப எழுதிக் ‘கேனாட்’ சேர் என்ற சூத்திரம் அவர்களுக்குப் பாடம். வாக்கியம் பிழையின்றி வந்துவிடும். அந்த மனிதர் நடந்தாரா, இல்லையா என்பதுதான் அடுத்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. முதல் வாக்கியத்தில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அவர் நடக்கவில்லை. இலக்கணம் பொருளைத் தாங்கி நிற்கும் இடம் இதுதான். கல்லூரிப் பாடநூலில் ஒரு மருந்தின் அளவைப் பற்றியோ ஒரு தூணின் தாங்குதிறனைப் பற்றியோ இதே அமைப்பில் ஒரு வாக்கியம் வரும். அங்கே சூத்திரம் உதவாது. அந்த மனிதர் நடந்தாரா என்ற கேள்வியைத் தேர்வு கேட்பதில்லை.

இந்த நிலைக்குக் காரணங்கள் உண்டு. இரண்டு தாள்களாக இருந்த மேல்நிலை ஆங்கிலத் தேர்வு 2018-19 முதல் ஒரே தாளானது. மாணவர்களின் சுமையையும் திருத்தும் பணியின் பளுவையும் குறைப்பது நோக்கம், நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தாள் சுருங்கும்போது எதைக் காப்பது என்ற கேள்விக்கு ‘பாடநூலை’ என்று விடை சொல்லப்பட்டது. வாசிப்புத் திறனுக்கு மிஞ்சியது ஓரம்தான்.

இரண்டாவது காரணம் தேர்ச்சி விழுக்காடு. பிளஸ் டூ தேர்ச்சி 2024-இல் 94.56 விழுக்காடு, 2025-இல் 95.03. முடிவு வெளியாகும் நாளில் மாவட்டங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. பள்ளிகளிடம் விளக்கம் கேட்கப்படுகிறது. (இதழ்களுக்கும் இதில் பங்குண்டு, அந்த வரிசையை முதல் பக்கத்தில் அச்சிடுவது நாங்கள்தாம்.) விழுக்காடு ஏறுவது மகிழ்ச்சிதான். ஆனால் ஆங்கிலம் என்ற வரிக்கு எதிரே உள்ள எண்ணில் வாசிப்பு எவ்வளவு, இலக்கணம் எவ்வளவு, மனப்பாடம் எவ்வளவு என்ற பிரிவு இல்லை. எதை அளந்தோம் என்று தெரியாமல் எவ்வளவு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தேர்வுக்கு வெளியே நின்று அளந்தவர்கள் இருக்கிறார்கள். ‘அசர்’ எனப்படும் ஆண்டுக் கல்விநிலை ஆய்வு, 2023-இல் 14 முதல் 18 வயதுள்ள ஊரக இளையோரைச் சந்தித்தது. 28 மாவட்டங்களில் 34,745 பேர். ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு. அப்படி வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். கொடுக்கப்பட்டவை கல்லூரிப் பாடங்கள் அல்ல, எளிய வாக்கியங்கள். இது நாடு தழுவிய படம். ஏற்காட்டின் கணக்கு அல்ல. ஏற்காட்டின் கணக்கு என்ன என்று கேட்டால் தேர்வு முடிவுகளிலிருந்து அதை எடுக்க முடியாது என்பதுதான் இந்தத் தலையங்கத்தின் புகார்.

மலையில் இந்தக் குறை ஏன் கூடுதலாகச் சுடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காடு கல்விக்குப் பேர்போன ஊர். 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகளுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அதே மலையில் பழங்குடி மாணவர்களுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இயங்குகின்றன. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழே. ஆனால் வீட்டில் புழங்கும் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு. அந்தத் தூரத்தையும் கடந்த பிறகே பிள்ளை ஆங்கிலத்துக்கு வருகிறது. நூலகமும் ஆங்கிலம் பேசும் வீடும் உள்ள மாணவருக்குத் தேர்வு பலவீனமாக இருந்தால் நட்டமில்லை. வாசிப்பு வேறு வழியில் வந்துவிடும். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் வீட்டின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி இல்லை. பள்ளி எதைக் கற்பிக்கும் என்பதைத் தேர்வு முடிவு செய்கிறது. தேர்வு கேட்காததைப் பள்ளி கற்பிப்பதில்லை.

இதற்கிடையே கல்லூரிக் கதவுகள் அகலமாகியிருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-லிருந்தும், மாணவர்களுக்கானது 2024-லிருந்தும் நடைமுறையில் உள்ளன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இடம் கிடைத்த மாணவரின் கையில் முதல் வாரத்தில் வைக்கப்படுவது நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆங்கிலப் பாடநூல். அதற்கு ‘காமன் பாராகிராஃப்’ கிடையாது. உள்ளே அழைத்துவிட்டு உட்காரும் திறனைக் கொடுக்காமல் விடுவது பாதி நீதி.

உயர்நிலை ஆங்கிலத்தைச் சோதிப்பது எப்படி என்பது விடை தெரியாத புதிர் அல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கான தேர்ச்சித் தேர்வைக் கேம்பிரிட்ஜ் 1913-இல் முதன்முறையாக நடத்தியது. 12 மணி நேரத் தேர்வு. எழுதியவர்கள் மூவர், மூவருமே தேறவில்லை. அந்தத் தேர்வில் இலக்கணமும் ஒலியியலும் மொழிபெயர்ப்பும் கேட்கப்பட்டன. நூறாண்டுத் திருத்தங்களுக்குப் பின், அவர்களின் உயர்நிலைத் தேர்வு ஒன்றில் 2015 முதல் வாசிப்பும் இலக்கணமும் ஒரே தாளில் சேர்ந்திருக்கின்றன: 90 நிமிடம், 56 வினாக்கள். ஒரு பத்தியில் சில சொற்களை எடுத்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் வாசித்துப் பொருள் பிடித்தவருக்கே விடுபட்ட சொல் கிடைக்கும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு சொல்லைப் பயன்படுத்தி, பொருள் மாறாமல் திரும்ப எழுதச் சொல்கிறார்கள்; சூத்திரம் தெரிந்தால் மட்டும் போதாது. வெளிநாடு வரை போகவும் வேண்டியதில்லை. நடுவண் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் 80 மதிப்பெண்களில் 22 மதிப்பெண்கள் பாடநூலில் இல்லாத பத்திகளுக்கே அண்மைய ஆண்டுகளில் ஒதுக்கப்படுகின்றன. பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் சட்டக் கல்வி நுழைவுத் தேர்விலும் நம் மாணவர் போட்டியிடுவது அந்தப் பயிற்சி பெற்றவர்களோடுதான்.

புதிய பத்திகளைப் புகுத்தினால் தேர்ச்சி விழும், மலைப் பிள்ளைகளே முதலில் விழுவார்கள் என்று ஒரு வாதம் வரும். அக்கறையோடு சொல்லப்படும் வாதம். பதில் சொல்லத் தகுந்ததும்கூட. அவர்கள் இப்போதும் விழுகிறார்கள். பள்ளியில் விழவில்லை, கல்லூரியில், யாரும் கணக்கெடுக்காத இடத்தில் விழுகிறார்கள். பள்ளியில் குறை தெரிந்தால் ஆசிரியர் இருக்கிறார், ஓராண்டு இருக்கிறது, திருத்தலாம். கல்லூரியில் தெரிந்தால் அது அந்த மாணவரின் தனிப்பட்ட தோல்வியாகிவிடுகிறது. தளர்ந்த தேர்வு ஏழைப் பிள்ளைக்குச் சலுகை அல்ல. அது செலவை அவர் தலையில் தள்ளிப்போடுகிறது.

பத்திகள் நகர்ப்புறச் சார்பாக இருந்துவிடும் என்ற அச்சம் இதைவிட வலுவானது. மெட்ரோ ரயில் பயணச்சீட்டு எந்திரத்தைப் பற்றிய பத்தியை, அதைப் பார்த்தேயிராத மாணவர் மொழியறிவு இருந்தும் தவறவிடலாம். மிளகுக் கொடி படரும் மரத்தைப் பற்றியோ காப்பிப் பழத்தை உலர்த்துவதைப் பற்றியோ ஒரு பத்தி வந்தால் சென்னை மாணவர் திணறலாம். இதற்காக வாசிப்புத் தேர்வைக் கைவிட வேண்டியதில்லை. பத்திகளை முன்கூட்டியே பல வட்டாரங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். எந்த வினாவில் எந்தப் பகுதி மாணவர்கள் பெருவாரியாகத் தவறினார்கள் என்று வினாவாரியாகக் கணக்கிட வேண்டும். தேர்வு நடத்துவோருக்கு இது புதிய கலை அல்ல, செய்யப்படாத வேலை.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் தேவையில்லை. பாடத்திட்டம் வகுப்பவர்கள், வினாத்தாளின் வடிவத்தை முடிவு செய்பவர்கள், பொதுத்தேர்வை நடத்துபவர்கள், பழங்குடி மாணவர்களின் உறைவிடப் பள்ளிகளை நிருவகிப்பவர்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்ட இடமளிக்கக் கூடாது. பாடநூல் சாராத வாசிப்புக்குத் தாளில் குறைந்தது கால் பங்கு வேண்டும். அதற்கு ‘அல்லது’ இருக்கக் கூடாது. இலக்கணம் பத்திக்குள் வைத்துக் கேட்கப்பட வேண்டும். சான்றிதழில் வாசிப்புத் திறனுக்குத் தனி எண் வேண்டும். மாற்றத்தை ஒரே ஆண்டில் திணிக்கவும் கூடாது: இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் பிளஸ் டூ எழுதும் ஆண்டே மாற்றத்தின் ஆண்டு என்று இன்றே அறிவிக்கப்பட்டால், ஆசிரியர்களுக்கும் பள்ளி நூலகங்களுக்கும் மூன்றாண்டுக்கு மேல் அவகாசம் கிடைக்கும். மலைப் பள்ளிகளில் காலியாக உள்ள ஆங்கில ஆசிரியர் பணியிடங்கள் அந்த அவகாசத்துக்குள் நிரப்பப்பட வேண்டும். தேர்வை இறுக்கிவிட்டு ஆசிரியரை அனுப்பாமல் இருப்பது புதிய அநீதியாகும்.

அடுத்த மாதிரி வினாத்தாள் வெளியாகும்போது பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழுக்கள், ஊராட்சி மன்றங்கள் அதை வாங்கிப் பார்க்கட்டும். பாடநூலில் இல்லாத பத்திக்கு எத்தனை மதிப்பெண் என்று எண்ணட்டும். வெள்ளக்கடையின் அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அந்த எண்ணைத் தீர்மானத்தில் எழுதி அனுப்பினால், அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டியவர்கள் பதில் தரட்டும்.