ஒரு செய்தி, இரு முகவரி

ஜாங்கோ என்னும் பைதன் சட்டகம் பிறந்தது ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், 2003இல். அப்பத்திரிகைக்குச் செய்திக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று என இரு தளங்கள். கட்டுரையொன்றை இரண்டிலும் இடவேண்டி வந்தபோது அதைப் படியெடுக்கவில்லை. ஒருமுறை சேமித்து, எந்தெந்தத் தளத்துக்கு உரியதென்று குறித்துவைத்தார்கள். பத்திரிகைக்காரனின் புத்தி!

நமக்கு '.எல்கே'யோடு 2010இல் '.இலங்கை'யும் கிடைத்தது. மட்டக்களப்புச் செய்தித்தளம் ஒன்று இரு பெயரிலும் இயங்கலாம். ஆனால் பெயருக்கொரு நிரலும் பெயருக்கொரு வழிப்பட்டியலும் வைப்பதை நான் ஒப்பேன். 2011 ஜனவரி வெள்ளம் போல இன்னொன்று வந்தால், படுவான்கரைப் பாதை மூடப்பட்ட செய்தி ஒரு முகவரியில் திருத்தப்பட்டிருக்கும். மற்றதில் பாதை திறந்தே கிடக்கும். அதை நம்பிப் புறப்படுபவர் என்ன செய்வார்?

பட்டியல் ஒன்றே போதும். ஜாங்கோவில் வேண்டுகோள் யாவும் வழிப்பட்டியலை அடையுமுன் கடக்கும் இடைநிலை நிரல் உண்டு. வந்த பெயரை அங்கேயே பார்த்து மொழியையும் முகப்பையும் மாற்றலாம். (தளங்கள் முற்றிலும் வேறென்றால் பட்டியலையே அங்கு மாற்றவும் இயலும், நமக்கு அது வேண்டியதில்லை.) பழைய முகவரியோடு வருபவரையும் புதியதற்கு அனுப்பிவைக்க வேண்டும், '404' என்ற வெறுஞ்சுவரைக் காட்டலாகாது.