மாக்கட்டியின் மீது எழுந்த பழி

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய சாப்பாட்டுக் கடையொன்றில், மாட்டிறைச்சிக் கறிக்குள் திரண்டு கிடந்த ஒரு கட்டியைக் கண்ட வாடிக்கையாளர் அது சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டதும், கூடிய கூட்டம் சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து நின்று வினவ, அவர் அச்சத்தில் தலையசைத்ததும், அந்தத் தலையசைப்பே ஒப்புதல் வாக்குமூலமாகி முகநூலில் நாடெங்கும் பரவியதும், அதே இரவில் கடைகளும் வாகனங்களும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டதும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்கள் எவரும் மறந்திருக்கக்கூடிய சம்பவங்கள் அல்ல. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அக்கட்டியைப் பரிசோதித்து, அது வெறும் மாக்கட்டியே என்று பின்னர் அறிவித்தது. ஆனால் அதற்குள் கண்டி மாவட்டத்துத் திகனை கலவரத்தில் எரிந்துவிட்டது. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டுவிட்டது. அவ்வாண்டுக் கலவரத்தில் தனது தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோர 2020 மே மாதம் வரை சென்றது.

குழம்பு தடிக்க வேண்டுமென்று மாவைக் குளிர்ந்த நீரில் கரைக்காமல் கொதிக்கும் கறியில் அப்படியே தூவினால் அது கட்டிபடும் என்பது சமையலறையில் ஒரு நாளாவது நின்ற எவருக்கும் தெரியும். ஒரு வேளைச் சோற்றில் கலந்து கொடுத்தால் மனிதனை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் வைத்திய சாஸ்திரத்தில் இல்லை. கர்ப்பத்தடை மாத்திரையைக்கூட நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டும், நிறுத்தினால் அதன் பயனும் நின்றுவிடும். இவ்வளவு எளிதான உண்மைகளை விசாரித்தறிய அன்று எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

இந்த அபவாதத்தின் வேதனையைச் சுமந்த நமது முஸ்லிம் சமூகம், உணவு பற்றிய எந்தச் சொல்லையும் பிரமாணமின்றி ஏற்கக் கூடாது என்பதை மற்றெல்லோரையும்விட உறுதியாகப் பற்றியிருக்க வேண்டும். ஆனால் புரொய்லர் கோழிக்கு ஹோர்மோன் ஊசி ஏற்றி ஊதவைக்கிறார்கள் என்ற பேச்சை நாமும் விசாரணையின்றி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், 1957 ஆம் ஆண்டின் கோழி இனத்தையும் 2005 ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீனியிட்டு வளர்த்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், 56 நாட்களில் முன்னையது சுமார் 900 கிராமும் பின்னையது சுமார் 4,200 கிராமும் எடை கொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனவிருத்தி செய்ததன் விளைவே இவ்வளர்ச்சி. வளர்ச்சி ஹோர்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே சீரணமாகிவிடும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசி போடுவதோ எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. கோழிப் பண்ணைகளில் கேட்கத்தக்க கேள்வி நோய்க்கொல்லி மருந்துகளின் மிதமிஞ்சிய பிரயோகம் பற்றியது. ஹோர்மோன் கதையின் இரைச்சலில் அந்தக் கேள்வி காதில் விழாமற் போகிறது.

கண்ணுக்குத் தெரிந்த மாக்கட்டிக்கு அஞ்சிய நாட்டில், கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு அஞ்சுவோர் சொற்பம். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பலர் நோயுற்று, 2022 மே மாதம் 16 வயது மாணவியொருத்தி மரணமடைந்தபோது, பரிசோதனையில் வெளிப்பட்டது ஷிகெல்லா என்னும் கிருமி. மறுவருடம் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட ஒரு சிறுமி உயிரிழந்தாள். சுழலும் கம்பியில் அடுக்கிய இறைச்சியின் வெளிப்புறம் வெந்திருக்க, உட்புறம் பாதிப் பச்சையாக மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் நிற்பதும், பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் வெயிலில் கிடப்பதும், பகலில் மிஞ்சிய கோழி இரவுக் கொத்து ரொட்டியில் சேர்வதுமே இத்தகைய விபரீதங்களுக்கு வழி திறக்கின்றன. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையிலான வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன; நமது கரையோர வெயில் ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. நமது நாட்டில் 2022 இல் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், உறைபெட்டிகளில் உருகி மீண்டும் உறைந்த இறைச்சியைப் பற்றி இங்கே எத்தனை பேர் பிரஸ்தாபித்தோம்?

அறுத்த முறை ஹலாலானது என்ற நிச்சயம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். குர்ஆன் உண்ணத்தக்கதைப் பேசும் இடத்தில் ஹலாலுடன் தையிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சுத்தமும் நன்மையும் அந்தக் கட்டளையின் பாதி. ஆகையால் அம்பாறைச் சம்பவத்தைக் கேடயமாக உயர்த்தி, கடையின் பின்புறத்தைப் பரிசோதிக்க வருபவரையெல்லாம் பகைவர் என்று சொல்லும் வியாபாரியின் வாதத்தை நான் ஏற்க மாட்டேன். பொய்ப் பழியால் பாதிக்கப்பட்டவருக்கு மெய்யான பரிசோதனையே பாதுகாப்பு. அன்று நமது நிரபராதத்தை நிலைநாட்டியதும் ஓர் ஆய்வுகூட அறிக்கைதான்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், கடைக்குள் பிரவேசித்துப் பரிசோதிக்கவும் மாதிரி எடுக்கவும் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்களுக்கு இடமளிக்கிறது. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் மாநகர சபையும் மாடறுக்கும் மடுவம் முதல் கொத்துக் கல் வரை இறைச்சி செல்லும் வழியெங்கும் இப்பரிசோதனையை நடத்தி, அதன் முடிவை ஒவ்வொரு கடையின் வாசலிலும் மூன்று மொழிகளிலும் ஒட்ட வேண்டும். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உணவில் கேடு இருப்பதாகத் தோன்றினால், படம் பிடித்து ஊருக்கு அனுப்புமுன், எஞ்சியதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படையுங்கள்.