நாலு வயது, நாலு எழுத்து

எங்கள் வீட்டு மண்டபச் சுவரில் நாலு படத்தாள்கள் தொங்குகின்றன. முதலாவது அ, ஆ, இ. அடுத்தது அலிப், பே, தே. மூன்றாவது ஏ, பி, சி. கடைசியாக வந்து சேர்ந்தது சிங்கள அயன்ன, ஆயன்ன. நாலுக்கும் சொந்தக்காரன் என் தம்பி. அவனுக்கு இப்போது நாலு வயதும் இரண்டு மாதமும்.

தமிழில் எழுத்துகள் 247. அரபியில் 28. ஆங்கிலத்தில் பெரியதும் சிறியதுமாக 52. சிங்களத்தைச் சேர்க்காமலே 327 உருவங்கள் ஆகின்றன. அரபு எழுத்துகள் சொல்லின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் வேறு வேறு வடிவம் எடுக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்தால் எனக்கே தலை சுற்றும். உலகத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த வயதில் நாலு எழுத்து முறைகள் ஒன்றாக வந்து நிற்கின்றன என்று எனக்குத் தெரியாது. இலங்கையில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு இது சாதாரணம். வீட்டுமொழி தமிழ், ஓதுவது அரபு, நாட்டில் நடமாடச் சிங்களம், முன்னேற ஆங்கிலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நாலு நியாயங்களையும் ஒரே ஆண்டில் ஒரே பிள்ளையின் தலையில் ஏற்றுவதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் நான் வெளியே நின்று பார்த்தவள் அல்ல. அட்டைகளைச் செய்து கொடுத்தவளே நான்தான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. உம்மா இருக்கிற வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு காணொளி போட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அட்டையைப் பார்த்துப் பார்த்து நாடுகளின் தலைநகரங்களைச் சொல்லிக்கொண்டு போனது. உம்மா அதை எனக்குக் காட்டி, "நீ சும்மாதானே இருக்கா, தம்பிக்கு இப்பிடிச் செஞ்சி குடு" என்றார். பிரிஸ்டல் போட் வாங்கி, வெட்டி, சிவப்பு மார்க்கரால் எழுதினேன். இருநூறு அட்டைகளுக்கு மேல் வந்தன. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. தம்பியை டொக்டராக்கும் வேலையில் பாதியை நானே முடித்துவிட்டதைப் போல.

சுபஹுக்குப் பின் சின்னச் சூறாக்கள். எட்டு மணிக்கு முன்பள்ளி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அட்டைகள். அஸருக்குப் பின் ஓதப் போவது. மஃரிபுக்குப் பின் ஆங்கிலம். இஷாவுக்குப் பிறகு கட்டாரிலிருந்து வாப்பா வீடியோ கோல் எடுப்பார். "இண்டைக்கு மகன் என்ன படிச்ச?" என்று கேட்பார். தம்பி சொல்லிக் காட்ட வேண்டும். வாப்பாவை நான் குறை சொல்லவில்லை. அந்த அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழும்புகிற மனிதனுக்கு மகன் ஒரு ஆங்கிலப் பாட்டுப் பாடினால் அன்றைய களைப்பு தீர்ந்துவிடும். ஆனால் "இண்டைக்கு மகன் என்ன விளையாடின?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாவது மாதத்தில் தம்பி "அ"வைத் திருப்பி எழுதத் தொடங்கினான். கண்ணாடியில் தெரிவதைப் போல, வலமிருந்து இடமாக. உம்மா அழித்தழித்து எழுத வைத்தார். நாலாவது தடவை அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஓதுறது இந்தப் பக்கத்தாலதானே வாற?" என்று கேட்டான். அவன் பிழையே விடவில்லை. அஸருக்குப் பின் படித்ததை மஃரிபுக்குப் பின்னும் கடைப்பிடித்திருக்கிறான். அவ்வளவுதான். நான் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. அவன் அழுதான்.

அதற்குப் பிறகு அட்டைப் பெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். கூப்பிட்டால் "எனக்கு ஏலா" என்பான். அதையும் குறும்பு என்றுதான் எடுத்துக்கொண்டோம். என்னை நிறுத்தியது வேறொரு நாள். பின்வளவில் முருங்கை மரத்தில் ஒரு காகம் இருந்தது. சும்மா பேச்சுக்கு, "தம்பி, அது என்ன?" என்று கேட்டேன். அவன் மரத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான், அட்டை இருக்கிறதா என்று. பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியா" என்றான். ஒரு வயதில் வாய் திறந்து அவன் சொன்ன முதல் சொற்களில் ஒன்று காக்கா. பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் காகத்தையே தெரியாது என்று சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு வாசிக்கக் கற்பிக்கலாம் என்று அமெரிக்காவில் க்ளென் டோமன் என்பவர் 1964இல் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய சிவப்பு எழுத்து, வேகமாகக் காட்டும் அட்டை எல்லாம் அவர் பரப்பிய முறை. என் மார்க்கர் ஏன் சிவப்பு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்னாட்களில் இதே ஆசையை வீடியோவாகவும் புத்தகமாகவும் பெட்டி பெட்டியாக விற்றார்கள். ஒன்பது மாதப் பிள்ளை வாசிக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மீது, சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2012இல் நடவடிக்கை எடுத்தது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் சூசன் நியூமனும் அவருடைய குழுவினரும் 117 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாதம் அந்தப் பொருட்களைப் பாவித்த குழந்தைகள் வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் தங்கள் பிள்ளை வாசிக்கிறது என்று பெற்றோர் உறுதியாக நம்பினார்கள். அதைப் படித்தபோது எங்கள் வட்ஸ்அப் குழுவின் நினைவுதான் வந்தது.

உம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது வெள்ளக்காரன்ட கத" என்றார். ஆகவே நம்மவர்களிடமே போனேன். உயர்தரத்தில் நான் இஸ்லாமிய நாகரிகம் படிக்கிறேன். 1111இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யா உலூமித்தீனில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மக்தபிலிருந்து வந்த பிள்ளையை நன்றாக விளையாட விட வேண்டும் என்கிறார்கள். விளையாட விடாமல் எந்நேரமும் படிப்பிலேயே வருத்தினால் பிள்ளையின் உள்ளம் செத்துப்போகும், அறிவு மழுங்கும், தப்பிக்க அது தந்திரம் தேடும் என்பது அவர்களின் கருத்து. தந்திரம் என்றதும் எனக்குக் கட்டிலுக்குக் கீழே தெரிந்த இரண்டு சின்னக் கால்கள் ஞாபகம் வந்தன. தொழுகையைக்கூட ஏழு வயதில்தான் பிள்ளைக்கு ஏவும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதைவிடப் பெரிய கடமை நமக்கு என்ன இருக்கிறது? தலைநகரங்களா?

இமாம் ஷாபிஈ (ரஹ்) ஏழு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார்களே என்று சிலர் கேட்பார்கள். ஹங்கேரியில் லாஸ்லோ போல்கார் தன் மூன்று பெண் பிள்ளைகளையும் வீட்டிலேயே சின்ன வயதிலிருந்து சதுரங்கம் பழக்கி உலகப் புகழ் பெற வைக்கவில்லையா என்றும் கேட்கலாம். உண்மைதான். இளையவள் ஜூடித் 1991இல் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனால் அந்தக் கதையின் தொடக்கம் எனக்குப் பிடிக்கும். மூத்தவள் சூசன் சின்னப் பிள்ளையாக வீட்டில் எதையோ துழாவும்போது சதுரங்கக் காய்களைக் கண்டெடுத்து, இது என்ன என்று கேட்டாளாம். அவள் கேட்ட பிறகுதான் கற்பித்தல் வந்தது. எங்கள் வீட்டில் கேள்விகளெல்லாம் எங்களுடையவை. பதில்தான் அவனுடையது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதை இந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் வாயால் கேட்டேன் என்று எண்ணவில்லை. அவனுக்கு இன்னும் ஐந்துகூட ஆகவில்லை என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பிள்ளைக்கு வீட்டில் எதுவுமே கற்றுக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி அல்ல. எங்கள் மூத்தம்மா கையெழுத்தை மட்டும்தான் போடுவார். பன்பாய் இழைப்பது அவருடைய தொழில். அவர் பாய் இழைக்க உட்கார்ந்தால் தம்பி கேட்காமலே பக்கத்தில் போய் உட்காருவான். "ரெண்டு மேல, ஒண்டு கீழ" என்று அவர் சொல்ல அவனும் சொல்லுவான். பச்சைக்குப் பிறகு சிவப்பா, வெள்ளையா என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும். சாயம் போட்ட பன்னைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைப்பதும் அவன் வேலை. பிழைத்தால் மூத்தம்மா ஏசுவதில்லை. "சரி, அவிழ்ப்பமே" என்பார். எண்ணவும் ஒழுங்கைக் கண்டுபிடிக்கவும் பிழையைத் திருத்தவும் அவன் அங்கேதான் பழகினான். இரவில் அவர் போடுகிற நொடிகளுக்கு விடை தேடி மறுநாள் காலைவரை யோசிப்பான். மூத்தம்மாவிடம் "எனக்குத் தெரியா" என்ற சொல் அவன் வாயில் வந்ததில்லை. தெரியாவிட்டால், "சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்றுதான் கத்துவான்.

நமது அரசாங்கப் பாடத்திட்டத்திலும் இதுதான் இருக்கிறது. 1998இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தத்தின்படி முதலாம் இரண்டாம் தரங்களில் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுத்தான் முதன்மையானது. எழுத்து வேலை அதிகமாவது ஐந்தாம் தரத்தில். அதாவது ஆறு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்று பாடசாலை சொல்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலையும் தவணைப் பரீட்சையும் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்ற நிலையும் வேண்டும் என்று சில முன்பள்ளிகள் சொல்கின்றன. பெற்றோரும் அப்படிப்பட்ட முன்பள்ளியைத்தான் தேடிப் போகிறார்கள். மணலில் விளையாட விடுகிற ரீச்சருக்கு, ஒன்றும் படிப்பிக்காத ரீச்சர் என்று பெயர்.

இதற்கெல்லாம் உம்மாமாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. என் உம்மா ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று புள்ளியால் தவறியவர். இருநூறில் மூன்று. கூடப் படித்த கூட்டாளி சித்தியடைந்து பெரிய பாடசாலைக்குப் போனார். இன்று அவர் ஆசிரியை. உம்மா சாதாரண தரத்தோடு நின்று கலியாணம் முடித்தார். அந்த மூன்று புள்ளியைப் பற்றி உம்மா பேசினால், போன வாரம் பரீட்சை முடிவு வந்ததைப் போலிருக்கும். ஒவ்வொரு வருடமும் முடிவு வந்ததும் ஊரில் சந்திக்குச் சந்தி பெனர் கட்டுகிறோம். சித்தியடைந்த பிள்ளைகளின் முகங்கள் அதில் சிரிக்கின்றன. சித்தியடையாத பிள்ளைகள் அதே சந்தியால்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். பத்து வயதில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கிற ஒரு பரீட்சையை வைத்துக்கொண்டு, நாலு வயதிலேயே ஓடத் தொடங்காதே என்று ஒரு தாயிடம் சொன்னால் அவர் எப்படிக் கேட்பார்? எல்லா ஊர்ப் பாடசாலையும் நல்ல பாடசாலையாக இருந்தால் அந்த மூன்று புள்ளி உம்மாவை இவ்வளவு தூரம் துரத்தி வந்திருக்காது.

நான் உம்மாவிடம் இப்படி நேராகச் சொல்லவில்லை. காகத்தின் கதையை மட்டும் சொன்னேன். உம்மா கோபப்பட்டார். "நீ படிச்சி முன்னுக்கு வந்துட்டா, அவன் வரப்படாதா?" என்று கேட்டார். எனக்கு நாலு வயதில் யாரும் அட்டை காட்டவில்லையே என்று சொன்னேன். உம்மா பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். அடுத்த கிழமை மஃரிபுக்குப் பின் ஆங்கிலம் நின்றது. ஏன் நிறுத்தினார் என்று நானும் கேட்கவில்லை. படத்தாள்கள் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன. கழற்றினால் பெயின்ற் உரியும் என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை பின்நேரம் தம்பி அந்த அட்டைகளை முழுதாக வெளியில் எடுத்து வந்து திண்ணையில் பரப்பிக் கடை போட்டான். முருங்கை இலைதான் காசு. "ராத்தா, என்ன வேணும்?" என்றான். யானை ஒன்று தரச் சொன்னேன். தேடித் தேடிப் பூனை அட்டையை எடுத்துத் தந்தான். இது பூனையல்லவா என்றேன். கொஞ்சமும் அசராமல், "யானை முடிஞ்சி. நாளைக்குத்தான் வரும்" என்றான். நான் மூன்று இலை கொடுத்தேன். எண்ணிப் பார்த்து ஒன்றைத் திருப்பித் தந்தான்.

உம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மா ஒட்டியிருந்தது. அட்டையைத் திருப்பி வாசிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒரு பூனை தாங்க முதலாளி" என்றார் உம்மா. "எவ்வளவு?"