கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கலையே!

எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்தவள். இரண்டு வருஷமாக வீட்டில் எனக்கு வைத்திருந்த பெயர், 'சோம்பேறி!' காலையில் எழுந்தால், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அதிகம் சாப்பிடாமலே எடை ஏறியது. சீவினால் சீப்பு நிறைய முடி. மாதவிலக்கு வந்தால் பத்து நாளானாலும் நிற்காது. 'உட்கார்ந்து சாப்பிட்டா உடம்பு போடத்தான் செய்யும்' என்பார் மாமியார். நானும் அதை நம்பினேன் என்பதுதான் கொடுமை.

டாக்டரிடம் போனேன். டி.எஸ்.எச்., என்ற ஒரே டெஸ்ட் எடுத்தார். 7 என்று வந்தது. 'கொஞ்சம்தான் கூட... பயப்படாதே' என்று அனுப்பி விட்டார். கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி எப்போ வரணும்னும் சொல்லவில்லை. நானும், ரிப்போர்ட்டை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்து மறந்து விட்டேன்.

ஒரு வருஷம் கழித்து, மாசமாக இருந்த தங்கைக்கு செக்கப்பில் தைராய்டு என்றார்கள். துணைக்குப் போன என்னைப் பார்த்த லேடி டாக்டர், 'உங்க முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு?' என்று கேட்டு, எச்சில் விழுங்கச் சொல்லி கழுத்தைத் தடவிப் பார்த்தார். டி.எஸ்.எச்.,சுடன், ப்ரீ டி4, ஆன்டி டி.பி.ஓ., கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின் எல்லாம் எழுதினார். டி.எஸ்.எச்., 28! உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறதாம். 'ஹஷிமோட்டோ' என்று பெயர். அயோடின் உப்பு போட்டால் சரியாகிற சமாச்சாரமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அக்கா, தங்கை, மகளுக்கும் வர வாய்ப்பு அதிகமாம்.

மாத்திரையிலும் ஒரு கூத்து நடந்தது. அதோடு சேர்த்து இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கி வந்தேன். இரண்டு மாதமாகியும் டி.எஸ்.எச்., சரியாக இறங்கவில்லை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் போட வேண்டும். காபிக்கு அரை மணியாவது பொறுக்கணும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லி விடுங்கள். ரிசல்ட்டையே மாற்றிக் காட்டுமாம்!

விளம்பரத்தைப் பார்த்து எல்லாரும் எல்லா டெஸ்டும் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எனக்கு இருந்த மாதிரி தொந்தரவு இருந்தால், 'கழுத்தைப் பாருங்க டாக்டர், அடுத்த டெஸ்ட் எப்போ?' என்று வாய் விட்டுக் கேளுங்கள். வீட்டுக்காரரின் பி.பி., மாத்திரை தீரும் நாள் நமக்கு மனப்பாடம்; நம்ம ரிப்போர்ட் மட்டும் ஏன் புடவைக்கு அடியில் கிடக்கணும்?

இப்போது எனக்கு டி.எஸ்.எச்., 3. மாமியாருக்கும் கொஞ்ச நாளாக உடம்பு அசதி என்கிறார். அவரையும் அடுத்த வாரம் அழைத்துப் போகிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்.