பத்தியம் எழுதும் உத்தியோகம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், நம்முடைய பழைய மாணவி ஒருத்தி அம்பத்தூரிலிருந்து ரயிலேறி ஆவடியில் உள்ள நம் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. பழத்தை வாங்கிக்கொள்வது சுலபமாயிருந்தது. கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சங்கடமாகப் போய்விட்டது.

சங்கடத்துக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு, "டாக்டர் படிப்புக்கு மார்க்கு போதவில்லை, என்ன படிக்கலாம், சார்?" என்று இந்தப் பெண் கேட்டபோது, உணவியல் படிக்கச் சொன்னவர்கள் நாமே. நோய் வந்த பிறகு மருந்து கொடுக்க ஆள் உண்டு, வராமல் காக்கத்தான் ஆள் இல்லை என்று ஒரு பிரசங்கமும் செய்தோம். பிரசங்கம் செய்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார். கேட்டவரல்லவா அதன்படி வாழ வேண்டியிருக்கிறது!

அவள் எம்.எஸ்ஸி. தேறி, ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியல் நிபுணராக அமர்ந்தாள். நிபுணரின் வேலை என்ன? அச்சடித்த தாளில் நோயாளியின் பெயரை எழுதி, கலோரிக் கணக்கைத் திருத்திக் கொடுப்பது. அவள் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் உறவினர் தலையணைக்கடியிலிருந்து மசால் வடையை எடுத்து நீட்டுகிறார். எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் சமையல் காண்டிராக்டர், "கணக்கு இடிக்கும், அம்மா" என்கிறார். கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கும் அவளுக்கும் சம்பளம் ஒன்றுதான்.

"இதெல்லாம் பழகிவிட்டது, சார். எஸ்டேட்டில் இரவு ஷிப்டு பார்க்கும் ஒருவர் நீரிழிவுக்காக வந்தார். நான் எழுதிக் கொடுத்ததை மரியாதையாக வாங்கிக்கொண்டு, 'நீங்கள் சொல்வது வாஸ்தவம்; ராத்திரி இரண்டு மணிக்கு எங்களுக்குக் கிடைப்பது பரோட்டாதானே?' என்றார். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்தத் தாளை எழுதக் கை வரவில்லை" என்றாள்.

ஆகையால் அவள் வேறு வழிகளை யோசிக்கிறாள். பாங்கிப் பரீட்சை எழுதலாம். பாடியில் இட்லி மாவுக் கடை வைக்கலாம். வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரிக்கு மனுப் போடலாம். நான்காவது யோசனையை மட்டும் கொஞ்சம் தயக்கத்தோடு சொன்னாள். எஸ்டேட்டில் நாலைந்து பட்டறைகளுக்குச் சோறு சமைத்து அனுப்பும் ஒருவர், மேற்பார்வைக்கு ஆள் தேடுகிறாராம். "எம்.எஸ்ஸி. படித்துவிட்டு அண்டாவைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?" என்று தாயார் அழுகிறாராம்.

நாம் அவளுக்குக் குன்னூர்க் கதையைச் சொன்னோம். 1918-இல் அங்கே பாஸ்டர் ஸ்தாபனத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக மக்கரிஸன் என்ற டாக்டர் உட்கார்ந்தார். இயந்திரத்தில் தீட்டிய அரிசி தவிட்டோடு உயிர்ச்சத்தையும் இழந்துவிடுவது அந்நோய்க்கு மூலம். 1923-இல் சர்க்கார் சிக்கனக் கத்தியை எடுத்தபோது அந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். 1925-இல்தான் மறுபடி உயிர் வந்தது. பிறகு அது பெரிய ஆராய்ச்சிசாலையாகி, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தச் சாஸ்திரமே இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்திருக்கிறது!

"நிறுவனம் பிழைத்துக்கொண்டது, சார். நான் வாடகை கொடுக்க வேண்டுமே" என்றாள். நியாயந்தான்.

தேசத்துக்கு இவளுடைய வேலை தேவையில்லையா? 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும் வந்த நாடு இது. வயிற்றை நிரப்பக் கற்றுக்கொண்டோம். நிரப்புவது எது என்று பார்ப்பவருக்கு நாற்காலி போட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. 2021-ஆம் ஆண்டில் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டம் இவர்களையும் பட்டியலில் சேர்த்தது நல்ல ஆரம்பம். ஆனால் பட்டியல் சம்பளம் கொடுக்காது.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவு விடுதி வைக்கச் சொல்ல அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. கட்டடம், பண்டங்கள், விலை, நிர்வாகக் குழு எல்லாவற்றுக்கும் அந்தப் பிரிவில் இடமிருந்தது. உணவியல் படித்த ஒருவருக்கு மட்டும் இடமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் தோன்றி அறுபது வருஷமாகிறது. இயந்திரத்துக்கு எந்த எண்ணெய் என்று நிர்ணயிக்க இஞ்சினீயர் இருக்கிறார். இயந்திரத்தை ஓட்டுகிறவனுக்கு எந்த எண்ணெய் என்பதைக் காண்டிராக்டரின் கணக்கு நிர்ணயிக்கிறது. ஆலை அதிபர்கள் இதைச் சற்றே யோசிக்கக் கோருகிறோம்.

இந்தத் தடவை நாம் பிரசங்கம் செய்யவில்லை. மூன்று கேள்விகள் கேட்டோம். இரவு ஷிப்டுச் சாப்பாட்டை மாற்ற உனக்கு அதிகாரம் உண்டா? சாமான் வாங்கும் கணக்கை உன்னிடம் காட்டுவார்களா? இவற்றை எழுத்தில் தருவார்களா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அண்டாவின் பக்கத்தில் நிற்பதில் ஓர் அவமானமும் இல்லை. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் பாங்கிப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிடு. நம்மிடம் கோபம் வேண்டாம் என்றோம்.

புதன்கிழமை இரவு அவளிடமிருந்து செய்தி வந்தது. முதல் இரண்டுக்கும் சம்மதமாம். எழுத்தில் தருவதற்குத்தான் முதலாளி ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறாராம். பாங்கி மனுவுக்குக் கடைசித் தேதி இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்தப் பத்து நாளும் நமக்குத் தூக்கம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.